இந்தியக் காடும் சீனக் காடும்: இரண்டு நாட்டுக் கணக்கை எப்படி ஒப்பிடுவது?

வடலூரிலிருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சீனாவின் வனப்பரப்பு 1990களின் தொடக்கத்தில் நாட்டுப் பரப்பில் 13.92 சதவீதம். 2018இல் 22.96 சதவீதம். இந்தியாவில் 1987இல் 19.5 சதவீதம், இப்போது 21.76. அவர்கள் ஒன்பது ஏறியிருக்கிறார்கள், நாம் இரண்டேகால். சீனா நம்மைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் காடு வளர்த்தது என்று கட்டுரையில் எழுதலாமா சார்? இதே மாதிரி கடலூர் மாவட்டத்தையும் புதுச்சேரியையும் ஒப்பிட்டு ஒரு பத்தி சேர்க்கலாமா?"

சீனா நம்மைவிட வேகமாகக் காட்டைப் பெருக்கியது உண்மை. ஆனால் இந்த நான்கு எண்களை வைத்து நான்கு மடங்கு என்று எழுத முடியாது. எண்கள் பொய் இல்லை. நான்குமே அரசு வெளியிட்ட எண்கள்தான். சிக்கல் என்னவென்றால், வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது வேறு படி என்பதுபோல ஒவ்வொன்றும் வேறு அளவையால் அளக்கப்பட்டது. இரண்டு நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு நாட்டையும் அதன் பழைய கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் மரம் வளர்ந்து வந்தது எவ்வளவு, அளக்கும் முறை மாறியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்த பிறகுதான் அடுத்த நாட்டின் பக்கமே திரும்ப வேண்டும். பெரும்பாலான கட்டுரைகளில் இந்த முதல் வேலையை யாரும் செய்வதில்லை.

முதலில் வருஷத்தைப் பார்த்துவிடலாம். அது எளிது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 1987இல் வெளியிட்ட முதல் அறிக்கை 1981 முதல் 1983 வரை எடுத்த செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தயாரானது. நீங்கள் சொல்லும் 21.76, 2023ஆம் ஆண்டு அறிக்கையின் எண். அந்த அறிக்கை 2024 டிசம்பரில் வெளிவந்தது. அதற்கான படங்களோ பெரும்பாலும் 2021 கடைசியில் எடுத்தவை. ஆக, நம் பக்கத்தில் கடந்திருப்பது ஏறக்குறைய 39 ஆண்டுகள். சீனாவில் அப்போதெல்லாம் ஒரு கணக்கெடுப்பு முடிய ஐந்தாண்டு ஆனது; ஆண்டுக்குச் சில மாகாணங்களாகச் சுற்றி வந்தார்கள். 13.92 என்பது 1989-93 சுற்று, 22.96 என்பது 2014-18 சுற்று. நடு ஆண்டிலிருந்து நடு ஆண்டுக்கு எண்ணினால் 25 ஆண்டுகள். ஆண்டு விகிதமாக்கினால் உங்கள் நான்கு மடங்கு ஆறு மடங்காகிவிடும்! ஆக, பிழை எப்போதும் ஒரே பக்கம் சாயும் என்று நினைத்துவிடக் கூடாது.

இப்போது எதிர்ப்பக்கம் சாய்க்கும் பிழை. ஓர் இடத்தைக் காடு என்று எழுத, மேலிருந்து பார்க்கும்போது இலைத்தழை அங்கே தரையை எவ்வளவு மூடியிருக்க வேண்டும்? சீனாவில் முன்பு 30 சதவீதத்துக்கு மேல் மூடினால்தான் காடு. 1994இல் அதை 20 சதவீதமாகக் குறைத்தார்கள். அடுத்த சுற்றில், அதாவது 1994-98இல், காடு 16.55 சதவீதமாகிவிட்டது. 13.92லிருந்து 16.55! சீனாவின் பரப்பு சுமார் 96 லட்சம் சதுர கிலோமீட்டர். 2.63 சதவீதப் புள்ளி என்றால் இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு தமிழ்நாடு. அதில் ஒரு பகுதி நிஜமாகவே நட்டு வளர்த்தது. இன்னொரு பகுதி நேற்று வரை காடு என்று சொல்லப்படாத அதே மரங்கள். நீங்கள் எடுத்த தொடக்கப் புள்ளி இந்த மாற்றத்துக்கு முந்தையது, முடிவுப் புள்ளி பிந்தையது. நடுவில் இப்படி ஓர் ஒட்டு இருக்கும் கோட்டை ஒரே நேர்கோடாக வரையக் கூடாது. சீனாவை 1994-98க்குப் பிறகு மட்டும் எடுத்துப் பார்த்தால் 16.55லிருந்து 22.96, அதாவது 6.41 புள்ளி. கட்டுரைக்கு அந்த ஏற்றம்தான் பாதுகாப்பானது.

நம் பக்கமும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. 1999 அறிக்கையில் இந்தியாவின் வனப்பரப்பு 6,37,293 சதுர கிலோமீட்டர். 2001 அறிக்கையில் 6,75,538. இரண்டு வருஷத்தில் 38,245 சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறது. கேரளத்தின் மொத்தப் பரப்பே 38,863தான். இரண்டு வருஷத்தில் ஒரு கேரளம் அளவுக்கு எங்கே காடு முளைத்தது? எங்கும் இல்லை. அதுவரை படத்தை மனிதர்கள் கண்ணால் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். 25 ஹெக்டேருக்குக் குறைந்த தோப்பு வரைபடத்தில் ஏறாது. (1987இல் நிலைமை இன்னும் மோசம், 400 ஹெக்டேருக்குக் குறைந்தால் கணக்கிலேயே கிடையாது.) 2001இல் நாடு முழுவதற்கும் கணினியே படத்தைப் படிக்க ஆரம்பித்தது; ஒரு ஹெக்டேர் தோப்பும் கணக்குக்குள் வந்தது. சிதறிக் கிடந்த தோப்பும் தோட்டமும் ஒரே நாளில் காடாகிவிட்டன. இதன் மறுபக்கமும் உண்டு. பழைய பெரிய கட்டங்களுக்குள் காடு என்று போட்டிருந்த இடத்தில் நடுவில் இருந்த வயல்வெளி வெளியே போயிருக்கும். இரண்டும் சேர்ந்த நிகர விளைவுதான் அந்த 38 ஆயிரம். ஆகவே இந்தியாவை 2001க்குப் பின்னால் எடுங்கள். 1987ஐயும் 2023ஐயும் கழித்துப் பார்ப்பவர்கள் இந்த ஓட்டையில்தான் விழுகிறார்கள். அமைச்சகக் குறிப்புகளிலேகூட அந்தக் கழித்தல் எட்டிப்பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது வரையறை. நம் மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். இந்தியக் கணக்கில் காடு என்றால் ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பு இருக்க வேண்டும். இலைத்தழை 10 சதவீதத்துக்கு மேல் மூடியிருக்க வேண்டும். அவ்வளவுதான். நிலம் யாருடையது, என்ன மரம், சட்டப்படி வனமா பட்டாவா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் போகும் வழியில் இரு பக்கமும் பார்த்திருப்பீர்கள்: கிளை தரையைத் தொடும் முந்திரி, இடையிடையே பலா. செயற்கைக்கோளுக்கு அது நல்ல அடர்த்தியான பச்சை. முந்திரி இலை உதிர்த்து மொட்டையாக நிற்கிற மரமும் இல்லை. ஆக, அறிக்கையில் அது வனப்பரப்பு.

படத்தில் தெரிவது தரையில் சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்க ஒருமுறை அப்படி ஒரு முந்திரிக் கொல்லைக்குள் கருவியோடு நின்றுகொண்டிருந்தோம். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு உரிமையாளர் வந்தார். "என்னா சார் அளக்குறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். முகம் மாறிவிட்டது. "பட்டா நிலம் சார் இது. எங்க அப்பா வச்ச மரம். காடுன்னு எழுதிட்டுப் போயிட்டீங்கன்னா நாளைக்கு ஒரு கிளைய வெட்டணும்னாலும் ஃபாரஸ்ட்காரன்கிட்ட போயி நிக்கணுமா?" சட்டப்படி வனம் என்று அறிவிப்பது வேறு, படத்தில் பச்சை என்று குறிப்பது வேறு, இதனால் உங்கள் பட்டாவுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் மோர் கொடுத்து அனுப்பினார். அவருடைய சந்தேகம் நியாயமானதுதான். ஒரு நாட்டின் காடு கூடியது என்று தலைப்புச் செய்தி வரும்போது, அந்தக் கூடுதலில் அவர் அப்பா வைத்த மரமும் இருக்கிறது. அது அங்கே இருப்பது நல்லதுதான், மண்ணுக்கும் காற்றுக்கும் நல்லது. ஆனால் கல்வராயன் மலைக் காட்டையும் அதையும் ஒரே எண்ணில் போட்டால் அந்த எண் எதைச் சொல்கிறது?

சீனாவின் வரையறை வேறு மாதிரி. 20 சதவீதத் தழை; மூங்கில் காடு சேரும்; மழை குறைந்த வறண்ட பகுதிகளில் அரசு தனியாகக் குறித்த புதர்க்காடுகளும் சேரும். நம் கணக்கில் தழை 10 சதவீதத்துக்குக் குறைந்தால் புதர் நிலம் என்று தனியே எழுதுவோம், காட்டில் சேர்க்க மாட்டோம். அளக்கும் வழியும் வேறு. நாம் நாடு முழுவதையும் செயற்கைக்கோள் படத்தால் போர்த்திப் பார்க்கிறோம். அவர்கள் நாடெங்கும் நிலையாக நட்டுவைத்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிக் கட்டங்களுக்கு இந்தக் கணக்கெடுப்புகளில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆள் அனுப்பி மரத்தின் பருமனை அளந்தார்கள். எது உசத்தி என்ற சண்டை வேண்டாம். பரப்பு எங்கெங்கே என்று தெரிய நம் முறை நல்லது. மரம் எவ்வளவு தடித்தது என்று தெரிய அவர்கள் முறை நல்லது. வரையறையில் நாட்டுக்கு நாடு வேறுபடுவதும் திருட்டுத்தனம் இல்லை. பருவநிலை மாற்றத்துக்கான கியோட்டோ ஒப்பந்த விதிகளே தழைக்கு 10 முதல் 30 சதவீதத்துக்குள் எந்த வரம்பையும் நாடு தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டிருந்தன.

இன்னொரு பொறி. இதில் பத்திரிகைகளே விழுகின்றன. அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகளை வாங்கி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்காதீர்கள். 2021 அறிக்கையில் இந்திய வனப்பரப்பு 7,13,789 சதுர கிலோமீட்டர். 2023 அறிக்கையில் 7,15,343. கழித்தால் 1,554. ஆனால் 2023 அறிக்கை தானே சொல்லும் கூடுதல் வெறும் 156 சதுர கிலோமீட்டர். பத்து மடங்கு வித்தியாசம்! காரணம், புதிய அறிக்கை தயாரிக்கும்போது பழைய ஆண்டின் எண்ணையும் திருத்தியிருக்கிறார்கள். திருத்திய பழையதோடுதான் புதியதை ஒப்பிட்டார்கள். அதுதான் சரியான முறையும்கூட. உலகில் எந்த நாட்டின் இருப்புக் கணக்கானாலும், காடோ கரியமில வாயுவோ, முறை மாறும்போது பழைய வருஷங்களையும் புது முறையில் மறுபடி போட வேண்டும். அப்படி மறுபடி போட்ட தொடரை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே அறிக்கைக்குள் ‘மாற்றம்’ என்று தரும் அட்டவணைதான் உங்களுக்கு வேண்டியது.

அந்த 156ஐயும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மொத்தப் பரப்பில் அது 0.02 சதவீதம். படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் சதுரம். ஒரு ஹெக்டேர் தோப்பு என்றால் பதினெட்டுப் புள்ளிகள். அந்தப் பதினெட்டில் பல, வயல் ஓரத்தில் பாதி மரமும் பாதி நெல்லுமாக விழும். காடா இல்லையா என்று பிரிப்பதில் துல்லியம் 90 சதவீதத்துக்கு மேல் என்பது பெரிய சாதனைதான். ஆனால் மிச்சப் பிழை எங்கே, 0.02 எங்கே? இந்த அளவு மாற்றத்தைக் ‘கூடியது’ என்பதைவிட ‘மாறவில்லை’ என்று எழுதுவதுதான் நேர்மை. கழித்து வரும் விடை, அளவையின் பிழையைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நிகரம், அதாவது வந்ததில் போனதைக் கழித்த மிச்சம், என்ற மாயம். 2019க்கும் 2021க்கும் இடையே வனப்பரப்பு 1,540 சதுர கிலோமீட்டர் கூடியது என்றது அறிக்கை. உள்ளே பிரித்தால்: மிக அடர்ந்த காடு 501 கூடியது, நடுத்தர அடர்த்திக் காடு 1,582 குறைந்தது, 10 முதல் 40 சதவீதம் வரை மட்டுமே தழை உள்ள திறந்த காடு 2,621 கூடியது. நடுத்தரக் காடு எங்கே போனது? ஒரு பகுதி அடர்ந்து மேல் வகுப்புக்கு ஏறியிருக்கும், ஒரு பகுதி மெலிந்து கீழே இறங்கியிருக்கும், ஒரு பகுதி அழிந்திருக்கும். கூடுதலில் பெரும்பங்கு திறந்த காட்டில், அதாவது தோப்பும் தோட்டமும் தங்கும் வகுப்பில். நம் ஊர்ச் சவுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வருஷத்தில் வெட்டிச் சாரத்துக்கும் காகித ஆலைக்கும் போய்விடும். வெட்டிய மாதம் படம் எடுத்தால் வெறும் மணல், இரண்டு வருஷம் கழித்து எடுத்தால் காடு. மறுபடி நட்டால் கணக்கு சமன். ஆனால் அந்தச் சமனுக்குள் ஒரு இயற்கைக் காடு அழிந்து வேறொரு இடத்தில் சவுக்கு வந்திருந்தாலும் எண் அசையாது. எனவே ஒப்பிடும்போது நிகர மாற்றத்தை மட்டும் எடுக்காமல், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

சரி, பொது அளவை ஒன்றும் இல்லையா? இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு எல்லா நாடுகளிடமும் ஒரே வரையறையில் எண் கேட்டு வாங்குகிறது: அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, ஐந்து மீட்டருக்கு மேல் உயரம், 10 சதவீதத் தழை, பழத்தோட்டம்போல விவசாயத்துக்கான மரங்கள் சேராது. 2020 மதிப்பீட்டின்படி சீனா 1990இல் 15.71 கோடி ஹெக்டேர், 2020இல் 22 கோடி. இந்தியா 6.39 கோடியிலிருந்து 7.22 கோடி. இரண்டு பக்கமும் அதே முப்பது ஆண்டு, அதே வரையறை. இப்போது கழிக்கலாம்.

கழித்தாலும் ஒரே விடை வராது என்பதுதான் வேடிக்கை. கூடிய பரப்பைக் கேட்டால், சீனா 6.28 கோடி ஹெக்டேர், இந்தியா 82 லட்சம். ஏறக்குறைய எட்டு மடங்கு. இருந்ததற்கு எத்தனை விகிதம் வளர்ந்தது என்று கேட்டால், சீனா 40 சதவீதம், இந்தியா 13 சதவீதம், மூன்று மடங்கு. நாட்டுப் பரப்பில் எத்தனை புள்ளி ஏறியது என்றால், சீனா 6.5, இந்தியா 2.5, இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். மூன்றும் ஒரே தரவிலிருந்து வந்த உண்மைகள். உங்கள் கேள்விக்கு எது பொருந்துமோ அதை எடுத்து, எதை எடுத்தோம் என்று சொல்லிவிட வேண்டும். உலகக் காற்றில் கரியைக் குறைத்தது யார் என்றால் முதல் எண். ஒரு நாட்டின் கொள்கை எவ்வளவு உழைத்தது என்றால் இரண்டாவது. இந்தியாவில் 1988 வனக் கொள்கை மூன்றில் ஒரு பங்கு நிலத்தைக் காடோ மரமோ மூடியிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதை நோக்கி எத்தனை தூரம் என்றால் மூன்றாவது.

நான்காவதாக ஒன்றை நான் சேர்ப்பேன்: ஆளுக்கு எவ்வளவு? நமக்குப் பழகிய சென்ட் கணக்கிலேயே சொல்கிறேன். 1990இல் ஒரு இந்தியருக்குச் சுமார் 18 சென்ட் காடு. 2020இல் 13 சென்ட் கூட இல்லை. சீனாவில் 34 சென்ட் ஏறக்குறைய 38 ஆயிற்று. காடு இரண்டு நாட்டிலும் கூடியது; ஆனால் தலைக்குப் பார்த்தால் அங்கே ஏறியது, இங்கே இறங்கியது. விறகு, தண்ணீர், மேய்ச்சல் பற்றி எழுதுவதாக இருந்தால் இந்த எண்தான் பேசும்.

இந்தப் பொது அளவையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஐ.நா. அமைப்பு தானாகப் போய் அளப்பதில்லை. நாடு கொடுப்பதைத்தான் பெரும்பாலும் அச்சிடுகிறது. முந்திரியைக் கழித்துக் கொடு என்று வரையறை சொன்னாலும், செயற்கைக்கோள் படத்திலிருந்து முந்திரியை மட்டும் உருவி எடுப்பது லேசான வேலை இல்லை. வெளியிலிருந்து சரிபார்க்க வேண்டுமானால், மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் 30 மீட்டர் படங்களை வைத்து உலகம் முழுவதற்கும் ஆண்டுதோறும் தரும் மரப்போர்வை இழப்புத் தரவு இருக்கிறது. அதன்படி 2001 முதல் 2023 வரை இந்தியா 23.3 லட்சம் ஹெக்டேர் மரப்போர்வையை இழந்தது. ‘அரசு கூடியது என்கிறது, இவர்கள் குறைந்தது என்கிறார்கள், யார் பொய்?’ என்று 2024இல் ஒரு சலசலப்பே நடந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒன்று நிகரம், மற்றது இழப்பு மட்டும். ஒன்றில் ஒரு வருஷச் சவுக்கும் காடாகலாம், மற்றதில் ஐந்து மீட்டர் உயர வேண்டும். வெட்டிய சவுக்கு அங்கே இழப்பு. மறுபடி நட்டது பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.

எண்ணைச் சரிசெய்த பிறகு காரணத்துக்கு இரண்டு பத்தியாவது ஒதுக்குங்கள். சீனா 1978இலேயே வடக்கில் பாலைவனத்தைத் தடுக்க மரவேலித் திட்டம் தொடங்கிவிட்டது. ஆனால் பெரிய திருப்பம் 1998 யாங்சே வெள்ளம். மேட்டு நிலக் காட்டை வெட்டியதுதான் காரணம் என்று முடிவுகட்டி, இயற்கைக் காட்டில் வெட்டுக்குத் தடை போட்டார்கள். 1999இலிருந்து சரிவு நிலத்தில் பயிர் வைப்பதை நிறுத்தி மரம் வைக்கும் விவசாயிக்குத் தானியமும் பணமும் கொடுத்தார்கள். 2014-18இல் நடந்த ஒன்பதாவது கணக்கெடுப்பில் அவர்கள் காட்டில் ஏறக்குறைய 8 கோடி ஹெக்டேர் நட்டு வளர்த்தது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதன் குறையும் தெரிந்ததே: ஒரே இனம், ஒரே வயது, நிறைய இடத்தில் தண்ணீருக்குப் போட்டி.

இந்தியா வேறு வழி. 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் காட்டு நிலத்தை வேறு வேலைக்கு மாற்ற மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்றது. 1996இல் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் காடு என்ற சொல்லை அகலமாக்கியது. கிராமத்தாரோடு சேர்ந்து காடு காக்கும் திட்டம் 1990இல் வந்தது. இவை பெரும்பாலும் இருப்பதைக் காக்கும் ஏற்பாடுகள். புதிதாக வந்ததில் பெரும்பங்கு விவசாயி தன் நிலத்தில் வைத்த மரம். அதனால்தான் நம் கோடு மெதுவாக ஏறுகிறது. அதனால்தான் அது திறந்த காட்டில் ஏறுகிறது.

பச்சை என்பதே காடு இல்லை என்பதற்கும் ஒரு எண் தருகிறேன். 2000 முதல் 2017 வரை உலகில் இலைப்பரப்பு எங்கே கூடியது என்று நாசா செயற்கைக்கோள் தரவை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. சீனாவும் இந்தியாவும்தான் முன்னணி. நம் ஊடகங்கள் கொண்டாடின. உள்ளே பார்த்தால், சீனாவின் பசுமையில் 42 சதவீதம் காட்டிலிருந்து, 32 சதவீதம் பயிரிலிருந்து. இந்தியாவில் 82 சதவீதம் பயிரிலிருந்து. காட்டின் பங்கு 4.4. வீராணம் பாசனத்தில் ஒரு போகம் கூடுதலாக நட்டாலும், நெல்லிக்குப்பம் பக்கம் போர் போட்டுக் கரும்பு வைத்தாலும், விண்ணிலிருந்து அது பசுமைதான். நிலத்தடி நீர் இறங்குவது அந்தப் படத்தில் தெரியாது.

ஆகக் கட்டுரையில் இப்படி எழுதலாம்: ‘ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பொது வரையறைப்படி 1990-2020இல் சீனாவின் காடு 40 சதவீதமும் இந்தியாவின் காடு 13 சதவீதமும் கூடின. சீனாவின் ஏற்றம் பெரும்பாலும் அரசுத் திட்டங்களில் நட்ட காட்டிலிருந்து, இந்தியாவின் ஏற்றம் பெரும்பாலும் வனத்துக்கு வெளியே உள்ள மரங்களிலிருந்தும் திறந்த காட்டிலிருந்தும் வந்தது.’ திருத்துபவர் ஓரளவு விஷயம் தெரிந்தவராக இருந்தால் அந்த முதல் ஆறு சொற்களுக்கே மதிப்பெண் போடுவார்.

கடலூர், புதுச்சேரி ஒப்பீட்டுக்கு வருகிறேன். அதை எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. புதுச்சேரி ஒன்றியப் பகுதி மொத்தமே சுமார் 490 சதுர கிலோமீட்டர், அதுவும் நான்கு துண்டு. தென்னை மண்டிய மாஹே கேரளக் கரையில். ஏனாம் கோதாவரி முகத்துவாரத்தில். இவ்வளவு சிறிய பரப்பில் பத்து தோப்பு முன்னே பின்னே போனாலே சதவீதம் ஆடிவிடும். 1968இலிருந்து வெறும் செம்மண் மேட்டில் வளர்த்த ஆரோவில் காட்டைப் புதுச்சேரியின் சாதனையாகச் சேர்க்கலாம் என்று நினைப்பீர்கள். அதில் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டக் கணக்கில் விழும். கடலூரிலோ 2011 டிசம்பர் 30 அன்று வந்த ‘தானே’ என்ற புயல் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. படம் அந்தத் தேதிக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து மாவட்டத்தின் ‘காடு’ தலைகீழாகும். அதை வனக் கொள்கையின் தோல்வி என்றோ, மறுநடவுக்குப் பிறகு ஏறியதை வெற்றி என்றோ எழுதினால் அபத்தம்.

உள்ளூர் உதாரணம் வேண்டும் என்றால் அலையாத்தியை, அதாவது கழிமுகச் சேற்றில் வளரும் சதுப்புநிலக் காட்டை, எடுங்கள். ஓரம் தெளிவாக இருக்கும், தோப்போடு குழம்பாது. பிச்சாவரம் சுமார் 1,100 ஹெக்டேர். அந்தக் காலத்தில் கூறு கூறாக மொட்டையடித்து வெட்டியதில் மண் உள்வாங்கி, தேங்கிய நீர் உப்பேறி, நடுவில் மரம் முளைக்காத திட்டுகள் உண்டாயின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீரை உள்ளே ஓடவிட்டபின் அவை மறுபடி பச்சையாயின. அந்த மாற்றம் நிஜம்; படத்திலும் தெரியும். புதுச்சேரிப் பக்கம் தேங்காய்த்திட்டு, அரியாங்குப்பம் கழிமுகத் திட்டுகளை அதனோடு வைக்கலாம். 23 மீட்டர் படம் அவற்றுக்குப் போதாது. இலவசமாகக் கிடைக்கும் 10 மீட்டர் சென்டினல் செயற்கைக்கோள் படம் 2015 முதல் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் ஒரே மாதத்துப் படமாக எடுங்கள், வடகிழக்குப் பருவமழை மேகம் விலகிய பிப்ரவரி நல்லது. இரண்டிலும் அலை ஒரே மட்டத்தில் இருந்த நேரமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அலை ஏற்றத்தில் எடுத்த படத்தில் ஓரத்து இளங்கன்றுகள் தண்ணீருக்குள் போய்விடும். அலை வற்றிய நேரத்தில் எடுத்ததோடு கழித்தால் இல்லாத காடு ஒன்று முளைக்கும்.